அக்காவுக்குப் படிக்க வராது என்று சொல்லிவைத்த வகையில்

அன்புள்ள ஹாஃபிஸா அக்காவுக்கு, திண்டுக்கல்லிலிருந்து தம்பி கிதர் முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ரஃபியாவும் மகள் ஃபர்ஹீனும் செருப்புக் கடையும் அல்லாஹ் கிருபையால் சுகம். குஜிலியம்பாறையில் நீயும் மச்சானும் உன் மூட்டுவலியும் எப்படி? ஃபோனில் சொன்னால் முடிப்பதற்குள் ஏசிவிடுவாய் என்பதால் கடிதம். நான் பேசப் பேச ஃபோனே எழுதிக்கொள்கிறது. பிரவுசிங் கடை ஸ்தனிஸ்லாஸ் தமிழைத் திருத்தித் தாளில் எடுத்துத் தருவார்.

வருகிற சனிக்கிழமை நீ இங்கே வரவேண்டும். வந்து ஒரு அரைமணி நேரம் எழுதப் படிக்கத் தெரியாதவளாக இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற உதவியா இது என்று எனக்கே வெட்கம்தான். கிழித்துப் போடாமல் மிச்சத்தையும் படி.

ஃபர்ஹீன் நாலாம் வகுப்பு. காதால் கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள்; புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ‘எழுத்தெல்லாம் நகருதுத்தா’ என்பாள். பழனி ரோட்டில் ஒரு மையத்தில் பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்கள் என்று அவள் டீச்சர் சொன்னார்கள். டெஸ்ட் என்றதும் நான் நேராகப் புத்தகக் கடைக்குப் போய், பழைய கேள்வித்தாள் இருக்கிறதா என்றேன். ‘எந்தப் பாடத்துக்கு?’ என்றார் கடைக்காரர். ‘மூளைக்கு’ என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சரி, நம்மால் ஆனது என்று யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு, ஜியோமெட்ரி பாக்ஸும் பரீட்சை அட்டையும் வாங்கிக் கொடுத்து, டெஸ்ட் எடுக்கிற சுகன்யா மேடத்துக்கு நம் கடையிலிருந்து புது மாடல் செருப்பு ஒரு ஜோடியும் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டேன். மனசு குளிர்ந்தால் நாலு மார்க் கூடப் போடமாட்டார்களா?

டவுன் பஸ்ஸில் போகும்போது ஃபர்ஹீன் என் சட்டையை இழுத்தாள். ‘நம்ம வீட்டுல எனக்கு மட்டுந்தான் இப்படியா அத்தா?’ நான் ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏதோ அன்றைக்குத்தான் அதைக் கட்டி முடித்த மாதிரி.

அங்கே போனால், ‘மார்க்கெல்லாம் கிடையாது சார், பாஸு ஃபெயிலும் இல்ல. பிள்ள எங்க தடுமாறுதுன்னு பாக்கத்தான்’ என்று சுகன்யா மேடம் சொல்லி, செருப்பையும் வேண்டாமென்றுவிட்டார்கள். நான் விடுவேனா, பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் இருக்கிற மாதிரி அடுக்கச் சொன்னார்கள். நான் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் அடுக்கிவிட்டாள். ‘மழை பேஞ்சா என்ன செய்வே?’ என்றார்கள். நான் வாசலிலிருந்து ‘குடை, குடை’ என்று கிசுகிசுத்தேன். மேடம் எழுந்து வந்து, சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினார்கள். அடுத்து வாசிப்பு. உள்ளேயிருந்து ஃபர்ஹீன் குரல் கடகடவென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ‘கண்ணு, இந்தக் கதையில யானையே இல்லையேடா?’ ‘படத்துல நிக்குதே மிஸ்.’

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள். ‘உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் வாசிக்கச் சிரமம் உண்டா சார்? தெரிஞ்சா பிள்ளைக்கு உதவியா இருக்கும்.’

உனக்குத் தெரியாததா அக்கா? ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என் வீட்டுப்பாடம் முழுக்க உன் கையெழுத்து. ரஃபியா எதையாவது படிக்கக் கொடுத்தால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றே பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். பாவம், மூன்று கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டாள். அவள் குடும்பத்தில் யாரையாவது சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. என்னைச் சொல்லலாமென்றால் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘எங்க அக்காவுக்கு மேடம். சுத்தமா வராது. கைநாட்டுதான்’ என்று வந்துவிட்டது.

‘ஹாஃபிஸா மாமி டீச்சராச்சேத்தா?’ என்றாள் ஃபர்ஹீன்.

‘அதான் பாவம், எம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கும்!’ என்றேன்.

மேடத்தின் பேனா நின்றுவிட்டது. ‘அவங்கள நான் அவசியம் பாக்கணும். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க சார்.’

ஆகவே அக்கா, தாளைக் கொடுத்தால் எட்டப் பிடித்துக்கொண்டு முழி. முக்கியமாக, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் பிழை இருந்தால் திருத்தக் கை பரபரக்கும்; அடக்கிக்கொள். மச்சானுக்கு என் ஸலாம். உன் முட்டி வலி குறைய நான் துஆ செய்கிறேன். என் புளுகு குறைய நீ செய்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
கிதர் முகம்மது

பின்குறிப்பு: வரவேண்டாம். இதைத் தபாலில் போடுமுன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகன்யா மேடம் செருப்புப் பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டார்கள். திறந்து காட்டினார்கள், இரண்டும் இடது கால். ‘இதக் கட்டினது உங்க அக்காவா சார்?’ பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த ஃபர்ஹீன், ‘இல்ல மிஸ், அத்தாதான். எப்பவும் இப்படித்தான் கட்டுவாங்க, நாந்தான் மாத்தி வைப்பேன்’ என்றாள். அதற்கு மேல் என்ன செய்ய? ‘எனக்கும் எழுத்து நகரும்மா’ என்றேன். பிள்ளைக்குப் பெருநாள் காசு கிடைத்த மாதிரி முகம். ‘நெசமாவாத்தா? உங்களுக்கு எந்தப் பக்கமா நகருது?’ என்றாள். கடையைச் சாத்தும் வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ரஃபியாவிடம் சொன்னால், ‘எனக்குத் தெரியாதாக்கும். அந்த மூணும் பவரில்லாத வெறுங்கண்ணாடி’ என்கிறாள். நாளையிலிருந்து ஃபர்ஹீனுக்குச் சனிக்கிழமை தோறும் பாடம். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி மகளே மேடத்திடம் கேட்டிருக்கிறாள். நீ வரப்போகிற பெருநாளுக்கென்று வாங்கிப்போன செருப்பும் அதே மாடல், அதே அளவு. பெட்டியைத் திறந்து பார். இரண்டும் வலது காலாக இருந்தால் மச்சானிடம் கொடுத்தனுப்பு.