பை காக்கிறவருக்கு ஒரு பட்டன்

குற்றாலம், ஐந்தருவி ரோடு

அன்புள்ள மச்சான் அப்துல் ஜப்பார் அவர்களுக்கு, பரோட்டாக் கடை பீர் மைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், என் தங்கை அலிமா, சாரல் மழை எல்லாரும் சுகம். ஷார்ஜாவில் உங்கள் சுகத்துக்கும் உங்கள் ஏசியின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம். குரல்பதிவு அனுப்பினால் நீங்கள் ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பீர்கள் என்று அலிமா சொன்னதால், எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் மகள் மிஸ்ரியா. "சோத்துப் பொட்டலம் கொடுக்கிற கம்பெனியில என்ன வேலை, இந்த மாசத்தோட ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துரணும்" என்று உத்தரவு போட்டிருக்கிறீர்களாம். மச்சான், அவள் பொட்டலம் கொடுக்கவில்லை. செயலியில் ஆர்டர் போட்டுவிட்டு நாமே கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறோமே, அந்த வசதியை வடிவமைக்கிறவள். முதலில் கம்பெனிக்காரர்கள் சென்னையில் உட்கார்ந்து "இருபது நிமிடத்தில் தயார்" என்று வைத்துவிட்டார்கள். சீசனில் இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். ஜனங்கள் அருவிக்குப் போகும்போதே ஆர்டரைத் தட்டிவிட்டு க்யூவில் நிற்கிறார்கள், நான் இருபது நிமிடத்தில் பரோட்டா போட்டுக் கட்டி வைக்கிறேன், அவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக வந்து "என்ன பாய், ஆறிப்போச்சே" என்று என்னிடமே சண்டை பிடிக்கிறார்கள், ஆர்டர் நம்பர் கேட்டால் "போனு அங்கன பையில கெடக்கு" என்கிறார்கள், பெயர் கேட்டால் ஒரே நேரத்தில் மூன்று செந்தில்வேல், அதில் ஒருவர் இன்னொருவரின் நாட்டுக்கோழியோடு பாவூர்சத்திரம் தாண்டிவிட்டார். முப்பது வருஷம் பரோட்டாக்கல் முன்னால் நின்றவன், அன்றைக்குக் கடையைப் பூட்டிவிடலாமா என்று நினைத்தேன்.

மிஸ்ரியா வந்தாள். இரண்டு நாள் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை, அருவிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். "மாமா, குளிக்கிறவங்களப் பாத்துப் பிரயோசனம் இல்ல. குடும்பத்துக்கு ஒரு ஆள் குளிக்காம பை காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. எல்லார் போனும் அந்த மடியிலதான். பட்டன் அவங்களுக்குத்தான் வேணும்" என்றாள். என் கடையில் மட்டும் சோதனைக்கு "குளிச்சாச்சு" என்று ஒரு பட்டன் வைத்தாள். அது அமுங்கினால்தான் நான் மாவை வீசுவேன். முதலில் அமுக்கியது இலத்தூர் சொக்கம்மாள். பத்து பரோட்டா போட்டாயிற்று, ஆளைக் காணோம். கடைசியில் பைகளோடு தனியாக வந்து, "அவுக திரும்பவும் உள்ள போயிட்டாக. இது நாலாவது தடவ. நான் என்னய்யா செய்ய?" என்று அழாத குறை. நான் தலையில் கை வைத்துவிட்டேன், உங்கள் மகள் சிரிக்கிறாள். சாயங்காலத்துக்குள் இரண்டாவது பட்டன் வந்துவிட்டது: "திரும்பவும் உள்ள போயிட்டாக." அது அமுங்கினால் நான் தீயைக் குறைத்துவிடுவேன். அடேயப்பா, என்ன மூளை! இத்தனை வருஷத்தில் பை காக்கிற ஆளை நான் ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை மச்சான், அவள் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே அந்த வேலையை விடச் சொல்லாதீர்கள், உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வீட்டார் சொல்வதைக் கேட்கிற காதையும் தருவானாக.

இப்படிக்கு,
பீர் மைதீன்

பி.கு.: இதைப் படமெடுக்க மிஸ்ரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா, நான் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டேன்" என்கிறாள். அருவி இல்லாத ஊருக்கு அந்த இரண்டாவது பட்டன் எதற்கு என்று கம்பெனியில் கேட்டார்களாம். இனி சொந்தமாகவே ஒரு செயலி போடப்போகிறாளாம். ஆபீஸ் என் கடை மாடி, சாவியும் கொடுத்தாயிற்று. அலிமாவுக்கு எல்லாம் முன்னமே தெரியுமாம். எனவே மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடச் சொன்னீர்கள், மச்சான், விட்டுவிட்டாள். இப்போது சந்தோஷம்தானே?