முன்னறிவிப்புடன் கூடிய ஊடுருவல்

நிலப்பதிவு அலுவலகத்தின் கணினிகளுக்குள் திருடன் புகுந்துவிடக் கூடாதே என்று மேலிடம் மிகவும் கவலைப்பட்டது. ஆகவே, திருடனுக்கு முன்பே புகுந்து பார்த்து ஓட்டைகளைச் சொல்ல ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். ஹேக்கர் என்றால் அலுவலகத்தின் மானம் போய்விடும் என்பதால் ‘நன்னெறி ஊடுருவலாளர்’ என்று அடையாள அட்டையும் கொடுத்தார்கள்.

அவளுக்கு இது வெறும் வேலை இல்லை. தாத்தா வீட்டை அப்பா பெயருக்கு மாற்றக் கொடுத்த மனு பதினோரு மாதமாக அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எவனாவது புகுந்து வேறு பெயரை எழுதிவிட்டால் குடும்பமே நடுத்தெருவில்தான்.

“எப்பம்மா ஊடுருவப் போறீங்க?” என்றார் கண்காணிப்பாளர்.

“அதைச் சொல்லிட்டா எப்படி சார்? திடீர்னு செஞ்சாத்தானே நிஜம் தெரியும்!”

“திடீர்னு எல்லாம் விதியில இடமில்ல. பதினஞ்சு நாள் முன்னாடி எழுதிக் குடுங்க. மூணு பிரதி.”

எழுதிக் கொடுத்தாள். குறித்த நாளில் அலுவலகம் முழு விழிப்புடன் இருந்தது. அதாவது, எல்லாக் கணினிகளையும் அணைத்து, ஒயர்களைப் பிடுங்கி, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மாலை வரை அவள் மடிக்கணினியும் கையுமாகத் திருதிருவென்று விழித்தாள். ஐந்து மணிக்கு, ‘மேற்படி அலுவலகம் எவராலும் ஊடுருவ இயலாதது’ என்ற சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது.

“சார், திருடன் மனு குடுத்துட்டா வருவான்?”

“அனுமதியில்லாம வர்றது சட்டவிரோதம்மா. சட்டவிரோதத்துக்கெல்லாம் நாம ஏற்பாடு பண்ணிட்டு இருக்க முடியுமா?”

அவள் மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த மாதமே அப்பாவுக்குப் பெயர் மாற்ற உத்தரவு வந்தது. வீடே துள்ளிக் குதித்தது. அவள் மட்டும் தேதியைப் பார்த்தாள். அன்று கண்காணிப்பாளர் விடுப்பு. ஆனால் உத்தரவில் அவருடைய மின்கையெழுத்து. அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

கண்காணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார். “எவனோ உள்ள பூந்து பாஸ்வேர்டை மாத்திட்டாம்மா. எங்களாலயே திறக்க முடியல. ஊர்ல பாதி நிலத்தைத் தன் பேருக்கு எழுதிக்கிட்டு இருக்கான் போலிருக்கு.”

“அப்புறம் ஏன் சார் மனுவை எல்லாம் முடிச்சுக் குடுக்கிறான்?”

“புகார்னு யாராவது வந்துட்டா மாட்டிக்குவான்ல? அதான் மூணே நாள்ல முடிச்சிடறான். ஜனங்க நம்மளப் பாராட்டிக் கடுதாசி போடறாங்க. இப்பப் போய் வெளிய சொன்னா அந்தச் சான்றிதழ் என்ன ஆகும்?”

அவள் வீட்டுக்கு வந்து, மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்ட அப்பா பதறிப் போனார்.

“அநியாயம்! கண்டிப்பா எழுதணும்,” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஆனா அம்மாடி, உன் சித்தப்பா மனு நேத்துத்தான் உள்ள போயிருக்கு. ஒரு மூணு நாள் கழிச்சு எழுதேன்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.