உறிஞ்சுமேசைப் பெரும்போர்

வாழ்க! மரத்தூளையே மணிமுடியாய்ச் சூடியவரும், செவியிரண்டிலும் பஞ்சடைத்துப் பேரிரைச்சலை வென்றவரும், கணினி வரைந்தபடி பலகையறுக்கும் எந்திரப் பேரரசின் ஏக சக்கரவர்த்தியும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எந்தச் சபையிலும் சாதிக்க வல்லவருமாகிய நம் பட்டறைக்காரர் வாழ்க! காற்றே, கண்ணுக்குத் தெரியாத கள்ளனே, அவர் பெருமையைப் பாட நீயே வந்து துணை நில்! அன்று நடந்ததில் பாதி உன் வேலைதான்.

போருக்குக் காரணம் அக்காளின் அலமாரிக் கதவுகள். குடும்பமே சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, கைக்கரண்டியைச் செங்கோலாய் உயர்த்தி அவர் முழங்கினார்: “அக்கா, உன் கதவுல ஒரு ஸ்க்ரூ ஓட்டைகூட இருக்காது. வெட்டும்போது பலகையைக் காத்தே பிடிச்சுக்கும்!”

“காத்து பிடிக்குமாம், காத்து! பாக்கத்தானே போறேன்” என்றாள் அக்காள். தம்பி சறுக்கிய இடங்களையெல்லாம் பிறந்தநாள்போல் நினைவில் வைத்திருப்பவள் அவள். அவளிடம் தோற்பதைவிடப் பட்டறையை இழுத்து மூடிவிடலாம் என்றிருந்தது அவருக்கு.

போர்க்களமோ துளைகள் நிறைந்த ஒரு மேசை. அதன் அடிவயிற்றிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று. மேசையைக் கத்தி கீறாதபடி தன் மார்பில் வெட்டு வாங்கக் கிடக்கும், மரத்தூளை அழுத்திச் செய்த காவல்பலகை ஒன்று. அந்தக் காவல்பலகையை ஊடுருவியும் பம்பு உறிஞ்சும், அதனால் மேலே வைத்த பலகை அசையாமல் நிற்கும். தழும்பேறிய பழைய காவல்பலகைக்குப் போர் நாளன்று காலை ஓய்வளித்து, புதியதை அரியணையேற்றி, அதன் முகத்தை எந்திரத்தாலேயே சீவிச் சமமாக்கி, ஓரங்களில் காற்று கசியாமல் பெயிண்டும் அடித்து, பம்பை முடுக்கினார் வீரர். உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் அளவுமானியின் முள் விறுவிறுவென உச்சிக்கு ஏறியது. கூடவே அவர் மீசையும் ஏறியது.

அந்தோ! கத்தி இறங்கியதும் அக்காளின் தேக்கு பிளைவுட், ஈரச் சோப்பாய் வழுக்கிப் பாழானது. இரண்டாவதும் அதே வழியில் போனது. எஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த மரரேகையில் வேறு பலகை கடையில் இல்லை. அக்காளோ மாலையில் வருகிறாள்.

கண்கள் சிவந்தன, டேப் சுருள்கள் சக்கராயுதமாய்ச் சுழன்றன. செவிப்பஞ்சைப் பிடுங்கியெறிந்து, மேசை விளிம்பு, ரப்பர் பட்டை, குழாய் மூட்டு என எதிரி பதுங்கத்தக்க கோட்டைகளையெல்லாம் முற்றுகையிட்டு, மண்டியிட்டு, மல்லாந்து, கசிவின் சீழ்க்கைக்குக் காதுகொடுத்து, டிஷ்யூத் துண்டைக் கொடியாய் ஏந்தி மூலைமூலையாய் உலா வந்து, பம்பின் வடிகட்டியைக் கழற்றி அதில் முகாமிட்டிருந்த தூசிப்படையைத் தட்டி விரட்டி, “எங்கடா ஒளிஞ்சிருக்க? ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!” என்று காற்றுக்கே அறைகூவல் விடுத்தார். முள் உச்சியிலேயே நின்றது. கடைசிப் பலகையோ விரலால் தள்ளினாலே நகர்ந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவ்வேளை, கதவுகளுக்கு வடிவம் வரைபவளாகிய அவர் மனைவி கணினியை விட்டெழுந்து வந்தாள். மேல்பலகையைத் தள்ளினாள், நகர்ந்தது. காவல்பலகையின் மூலையில் உளியைச் செருகி நெம்பினாள். அது இம்மியும் அசையவில்லை.

“பம்பு நல்லாத்தாங்க பிடிக்குது. ஆனா கீழ இருக்குறதப் பிடிக்குது. புதுப் பலகைக்கு ரெண்டு பக்கமும் தோல் கெட்டியா இருக்கும், சீவினாத்தானே காத்து உள்ள போகும்? அடிப்பக்கம் சீவுனீங்களா?”

வீரர் சீவவில்லை. ஒரு பக்கம் சீவிய பூரிப்பில் மறுபக்கத்தை மறந்தே போயிருந்தார்.

அந்நேரம் வாசலில் அக்காளின் கார் வந்து நின்றது. முழங்கால் தூசியைத் தட்டி, சாய்ந்த மீசையை நிமிர்த்தி, பின்னால் பம்பு போர்முரசாய்ப் பட்டறையே அதிர முழங்க, தோல்வியென்னும் சொல்லையே அறியாத திருவாயை மெல்லத் திறந்து, வாசலை அடைத்து நின்று உரைத்தார் உறிஞ்சுமேசைக் காவலர்:

“கரண்டு இல்லக்கா, நாளைக்கு வா.”