அஞ்சாம் நம்பர் நட்சத்திரம்

ஒரு கம்பெனி தனக்குப் பிடித்த ஆளைத் தனக்குப் பிடித்த நாற்காலியில் உட்கார வைப்பதில் ஊராருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி அவர்களுடையது. ஆகவே பழவேற்காடு கடைத்தெருவில் ஜலராணி டிஜிட்டல் கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, ஜனங்கள் படித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஒருத்தரும் போகவில்லை.

"நமது நிறுவனத்தின் வாடிக்கையாளர் பேரானந்தத் துறைக்கு முதன்மை அலுவலராகத் திரு. தேவேந்திரன் அவர்கள் பொறுப்பேற்றுள்ளார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். இதற்குமுன் 'கரைத்தோழன்' மீனவர் உதவி எண்ணை மூன்றாண்டுகள் நிர்வகித்த அன்னாரின் காலத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது."

குறிப்பிடத்தக்கதுதான், யார் இல்லை என்றார்கள்? கரைத்தோழனுக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் கிடையாது. எடுத்தால்தானே புகார் பதிவாகும்!

லைட்ஹவுஸ் குப்பம் ஆதிநாராயணன் அறிவிப்பை இரண்டு தடவை படித்தான். தேவேந்திரன் முகத்தை அவன் பார்த்ததில்லை. குரல் நன்றாகத் தெரியும். போன வருஷம் கடலில் படகு இன்ஜின் நின்றுபோய் மிதந்தபோது கரைத்தோழனைக் கூப்பிட்டான். "வணக்கம், தேவேந்திரன் பேசுகிறேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்று தேன் குழைத்த குரல் ஒன்று சொன்னது. காத்திருந்தான். அவன் போட்டு நீரோட்டத்தில் வடக்கே வடக்கே போய், ஆந்திரக் கரைக்காரர்கள் கயிறு வீசி இழுத்துக் கரை சேர்த்து, தெலுங்கில் நாலு திட்டு திட்டி, சோறும் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்திலும் அவன் அழைப்பு முக்கியமானது என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த ஆளிடம்தான் இப்போது ஆதிநாராயணன் ரிப்பேருக்குக் கொடுத்த பெட்டி மாட்டிக்கொண்டிருந்தது. பெட்டி என்றால் ஜிபிஎஸ் பெட்டி. கடலில் தன் போட்டு எங்கே நிற்கிறது என்று காட்டுகிற பெட்டி. அதற்குள் அறுபத்திரண்டு புள்ளிகளைக் குறித்து வைத்திருந்தான். மீன் நிற்கிற இடம், பாறை இருக்கிற இடம், வலை போட்டால் கிழித்து நாசம் பண்ணுகிற மூழ்கிய கப்பல் கிடக்கிற இடம். அவன் நைனா இதையெல்லாம் மண்டையில் வைத்திருந்தார். இவன் காலத்துக்குத் தகுந்தவன், பெட்டியில் போட்டுவிட்டு மண்டையைக் காலி பண்ணிக்கொண்டான். பெட்டி இல்லையென்றால் அவன் சொந்தப் போட்டு வைத்திருக்கிறவன்தான், ஆனால் போட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவன். நாற்பத்து மூன்று நாளாக அவன் போட்டு மணலில் கிடக்கிறது.

பெட்டிக்கு வந்த கோளாறு, கடலில் நிற்கிற போட்டை நெடுஞ்சாலையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்பதாகக் காட்டியது.

"பெட்டி வந்துச்சாம்மா?" என்று போன வாரம் கடையில் வேலை செய்கிற சந்தியாவிடம் கேட்டான். தினமும் கேட்கிற கேள்விதான்.

"மெட்ராஸ்ல பாத்துட்டாங்கண்ணா. போட்டு செக்போஸ்ட்டுக்கு எதுக்குப் போச்சுன்னு நீங்க எழுதித் தரணுமாம்."

"போட்டு எப்படிம்மா ரோட்டுல போவும்? பெட்டிதான் தப்பா காட்டுது."

"பெட்டி தப்பா காட்டுதுன்னா, போட்டு அங்க வரலைன்னு செக்போஸ்ட்லேர்ந்து சர்ட்டிபிகேட் வேணுமாம்."

ஆதிநாராயணன் எளாவூருக்கும் பஸ் ஏறிப் போனான். வராத வண்டிக்கு எப்படிப்பா சர்ட்டிபிகேட் கொடுக்கிறது என்று அங்கே நியாயமாகக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அறிவிப்பு ஒட்டிய அன்று கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் ஏதாவது ஒன்றை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள். தோணிரேவிலிருந்து நண்டுக்கூடையோடு வந்த கஸ்தூரியம்மாள்தான் அதில் பெரிய குரல். அந்தம்மா பேசுவது எதிராளிக்குக் கேட்கும், எதிராளி பேசுவது அந்தம்மாவுக்குக் கேட்காது. போனைத்தான் சொல்கிறேன். பாதி வேலை செய்கிற போனைப் பழுது என்று ஏற்க முடியாது என்பது கம்பெனியின் நிலைப்பாடு.

"அந்தக் கஸ்மாலத்தையா இங்க கொண்டாந்து குந்த வெச்சிருக்கீங்க?" என்றாள் கஸ்தூரியம்மாள். "எடு புகார் புஸ்தகத்த."

"புகார் புஸ்தகத்த புது சார் எடுத்துடச் சொல்லிட்டாரும்மா. அது கண்ணுல பட்டா ஜனங்களுக்குப் புகார் ஞாபகம் வருதாம். இனிமே இதுலதான்" என்று சந்தியா ஒரு டேப்லெட்டைத் திருப்பி வைத்தாள். அதில் ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக மினுங்கின. "புது சார் நியமனத்தப் பத்தி இன்னா நினைக்கிறீங்கன்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள குத்துங்க. வாயால சொன்னாலும் அதுவே எழுதிக்கும்." சொல்லிவிட்டு யாரோ சார்ஜர் கேட்டார்கள் என்று உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் ஆதிநாராயணனைப் பார்த்தது. பெட்டியெல்லாம் வைத்துக்கொண்டவன், விஷயம் தெரிந்தவன்.

ஆதிநாராயணன் யோசித்தான். பொறுப்பாகத்தான் யோசித்தான். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், புயல் கூண்டு நம்பர். துறைமுகத்தில் ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏற்றினால் எங்கேயோ தூரத்தில் காற்று, நீ சோறு தின்னு. மூணு என்றால் போட்டை மேலே ஏற்று. அஞ்சு என்றால் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடு. நம்பர் ஏற ஏற நாசம் பெரிசு. இது குழந்தைக்கும் தெரியும்.

"தயவு தாட்சணியம் பாக்காதீங்க. இருக்கிறதுலயே பெரிசு அஞ்சு. அஞ்சக் குத்துங்க" என்றான். முதல் ஆளாக அவனே குத்தினான். டேப்லெட்டே உடைந்துவிடும் போலிருந்தது.

"பதினொண்ணு இல்லியா?" என்று கஸ்தூரியம்மாள் கேட்டாள். பதினொண்ணாம் நம்பர் கூண்டு என்றால் தகவல் தொடர்பே அறுந்துபோனது என்று அர்த்தம். தேவேந்திரனுக்கு அதுதான் பொருத்தம். இல்லை என்று தெரிந்ததும் மனசில்லாமல் அஞ்சைக் குத்திவிட்டு, டேப்லெட்டின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "மவராசன்! இவன மாதிரி ஒரு ஆள நான் பொறந்ததுலேர்ந்து பாத்தது இல்லடா சாமி!"

பின்னாலிருந்தவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இவரு பண்ண சேவைய சாவுற வரைக்கும் மறக்க மாட்டோம்" என்றான் ஒருவன். "இந்த மாதிரி நல்லவரு நம்ம ஊருக்குக் கெடைக்க நாம இன்னா புண்ணியம் பண்ணமோ" என்றாள் ஒருத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. பல்லைக் கடித்த சத்தத்தை டேப்லெட் எழுதிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏரிக்கரை குப்பங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நின்று குத்திவிட்டுப் போனார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரே ஒரு நாலு இருந்தது. அது கை தவறியது.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சந்தியா படித்துக் காட்டினாள். தென்னிந்தியாவிலேயே அதிமகிழ்ச்சி வாய்ந்த வாடிக்கையாளர்கள் பழவேற்காட்டில்தான் இருக்கிறார்களாம். புதிய அலுவலரின் நியமனத்தைச் சென்னையில் சில விஷமிகள் குறைகூறி வந்த நிலையில், ஏரிக்கரை மக்களின் ஏகோபித்த வரவேற்பு அவர்கள் வாயை அடைத்துவிட்டதாம்.

"வரவேற்பா?" என்றான் ஆதிநாராயணன். "நாங்க அஞ்சு குத்தினோமே!"

"அதாண்ணா. அஞ்சுன்னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணுன்னாதான் மோசம்."

ஆதிநாராயணன் டேப்லெட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். தலைகீழான உலகத்தில் ஒரு மனுஷன் வேறு எப்படித்தான் பார்ப்பது?

"உங்களத்தாண்ணா தேடுறாங்க" என்றாள் சந்தியா. "மொத அஞ்சு உங்களுது. பாராட்டு விழா ஒண்ணு வெக்கிறாங்க, அதுல உங்களுக்கு மாலை. சாரே நேர்ல வராரு. அஞ்சு குத்தின எல்லாருக்கும் சார் படம் போட்ட சுவர்க் கடியாரம்."

அவன் வேகவேகமாகக் குப்பத்துக்கு வந்தான். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று உண்மையைப் போட்டு உடைத்தான். எல்லாரும் பதறினார்கள். அந்த ஆளை நாமே தூக்கிவிட்டோமா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மெட்ராஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம், கடை வாசலில் உட்கார்ந்துவிடலாம் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. கடைசியில் கடிகாரத்தைப் பற்றியும் சொன்னான். அத்தோடு பேச்சு நின்றது.

"ஆளுக்கு ஒண்ணா, வூட்டுக்கு ஒண்ணா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆளுக்கு ஒண்ணு."

"சரி ஆதி, நீ சொல்றது நியாயம்தான்" என்றாள் நண்டு விற்க வந்திருந்த கஸ்தூரியம்மாள். "ஆனா வூடு தேடி வர்றவன்கிட்ட மொதல்லயே வம்பு எதுக்கு? கடியாரத்த வாங்கிக்கினு அப்பால சொல்லிக்கலாம்."

வீட்டுக்குப் போனால், அவன் பெண்டாட்டி தேவகி ஏற்கெனவே சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தாள்.

"கடியாரம் இருக்கட்டும்யா. மேடையில நிக்க வெக்கிறானில்ல? நாலு பேர் எதிர்ல பெட்டியக் கேளு. தராம எங்க போவான்?" என்றாள். அது நல்ல யோசனையாக இருந்தது.

விழாவுக்கு லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் பந்தல் போட்டார்கள். பின்னால் பெரிய பேனர். "மவராசன்! இவர் மாதிரி ஓர் ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கஸ்தூரியம்மாள், மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கஸ்தூரியம்மாள் அதன் கீழே நின்று மூன்று தடவை போட்டோ எடுத்துக்கொண்டாள்.

தேவேந்திரன் வந்தார். ஆள் பொடியாக இருந்தார், குரல்தான் அவரைவிடப் பெரிசு. ஆதிநாராயணனுக்கு மாலை போட்டார். அவன் மாலையோடு மைக்கைப் பிடித்தான்.

"சார், எம் பெட்டி. அம்பது நாளாச்சு சார்."

தேவேந்திரன் சிரித்தார். "இதைத்தான் எதிர்பார்த்தேன்!" என்று கையைத் தட்டினார். சந்தியா ஒரு தட்டில் சரிகைத் துணி மூடிய பெட்டியைக் கொண்டுவந்தாள். கூட்டம் விசில் அடித்தது. ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. துணியை எடுத்துவிட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். திரையில் முதலில் தேவேந்திரன் படம் வந்து கும்பிட்டது. அப்புறம் வரைபடம் வந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"சார், இதுல அறுவத்திரண்டு..."

"ஆமாம், அறுபத்திரண்டு தேவையற்ற குறிகள் கிடந்தன. எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டோம். இப்போது புத்தம் புதுசு!"

கூட்டம் கைதட்டியது. மணலில் கிடந்த அவன் போட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி நின்று, தான் எளாவூர் செக்போஸ்ட்டில் இருப்பதாகப் பெட்டி காட்டியது.

ஆதிநாராயணன் அழுதான். அழுதுகொண்டே மைக்கில் கத்தினான். "நாங்க குத்தினது அஞ்சாம் நம்பர் கூண்டுய்யா! புயல் கூண்டு! ஊரக் காலி பண்ணிக்கினு ஓடணும்னு அர்த்தம்!"

பந்தலில் சத்தம் அடங்கியது. தேவேந்திரன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவருக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்த கடிகாரங்களைப் பார்த்தது.

"அப்படியா?" என்று அவர் மிகவும் பணிவாகக் கேட்டார். "நீங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தீர்களா?"

முன்வரிசையில் கஸ்தூரியம்மாள் குனிந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"நண்பர் நம்மைப் புயலோடு ஒப்பிடுகிறார்!" என்றார் தேவேந்திரன். இந்தத் தடவை கைதட்டல் பலமாக இருந்தது. கடிகாரம் வழங்கல் உடனே தொடங்கியது. கடிகாரத்தில் தேவேந்திரனின் மூக்கிலிருந்து இரண்டு முட்கள் புறப்பட்டிருந்தன.

கீழே இறங்கும்போது அவர் ஆதிநாராயணன் தோளில் கைபோட்டு, மைக் இல்லாத குரலில் கேட்டார். "கடலுக்குப் போக முடியாதில்ல? எங்களிடம் வாருங்கள். இந்த ஊருக்கு ஒரு பேரானந்த அலுவலர் வேண்டும். ஜனங்கள் நம்புகிற ஆளாக வேண்டும். நானூறு பேர் உங்கள் பேச்சைக் கேட்டுக் குத்தியிருக்கிறார்கள்."

அவன் ஒரு வாரம் மறுத்தான். மூழ்கிய கப்பல் இருந்த இடம் மறந்துபோய், கடலுக்குப் போன முதல் நாளே வலையைக் கிழித்துக்கொண்டு வந்தான். எட்டாம் நாள் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டான்.

அவன் நல்ல எண்ணத்தோடுதான் உட்கார்ந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நோட்டு போட்டான். வந்த போனையெல்லாம் எடுத்து எல்லார் குறையையும் எழுதிக்கொண்டான். கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால் புகார் என்று ஒரு கட்டமே இல்லை, 'தாமதமான மகிழ்ச்சி' என்றுதான் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏற்றினான். பெட்டி வரவில்லை, போன் வரவில்லை, டிவி வரவில்லை. ஜனங்கள் மறுபடி கூப்பிட்டு அவனைத் திட்டினார்கள். தேவேந்திரனையாவது முகம் தெரியாமல் திட்டினார்கள், இவனை நைனா, பாட்டன் வரைக்கும் பேர் சொல்லித் திட்டினார்கள். எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் தாங்குவான்? மூன்றாவது வாரம் ஒரு குரல் பதிவு பண்ணி வைத்தான்.

"வணக்கம், நான் ஆதிநாராயணன் பேசறேன். உங்க போனு எங்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் லைன்ல இருங்க."

நம்ம ஆள் குரல் மாதிரியே இருக்கிறதே என்று ஜனங்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள். அந்த மாதம் பழவேற்காட்டிலிருந்து ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவன் அதைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

கடிதம் வந்த மறுநாள் கஸ்தூரியம்மாள் கூடையோடு கடைக்கு வந்தாள். போன் வந்ததா என்று கேட்கவில்லை. டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினாள். மேலே இப்போது ஆதிநாராயணன் படம் இருந்தது. நிதானமாக, எதிரில் உட்கார்ந்திருந்த அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஐந்து நட்சத்திரத்தையும் குத்தினாள்.

ஆதிநாராயணன் மேஜைக்கு மேல் எட்டிக் குனிந்தான். சந்தியாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்.

"இது எந்தக் கணக்குல அஞ்சு, கஸ்தூரிக்கா?"

கஸ்தூரியம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"லைன்ல இரு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.