அபாய லேபிள் ஒட்டிய தலையணை

லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். ஆகவே அதை அசையாமல் பொதிந்து, சிவப்புக் கட்டம் போட்ட அபாய லேபிள் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. நல்ல விதி. எங்கள் பார்சல் அலுவலகமும் அதை மதித்தது. லேபிள் ஒட்டிய பெட்டியைச் சுமைதூக்கும் அண்ணன் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திப் போவார். மற்றதெல்லாம் அவருக்குப் பந்து.

வரிசையில் நின்ற ஒரு அக்கா இதைப் பார்த்துவிட்டார்.

“எனக்கும் அதுல ஒண்ணு ஒட்டுங்க.”

“உள்ள என்னம்மா?” என்றார் மேலாளர்.

“கண்ணாடி டம்ளர்.”

“அது தீப்பிடிக்காதே?”

“உடைஞ்சா நான் தீப்பிடிப்பேன்.”

ஒட்டினார். ‘பொதுமக்களின் பேராதரவைக் கருத்தில் கொண்டு’ எல்லோருக்கும் ஒட்டப்படும் என்று அறிவிப்பும் மாட்டினார். கொஞ்ச நாளிலேயே லேபிள் இல்லாத பார்சல் மானக்கேடாகிவிட்டது. “வெறும் பெட்டியா? வீட்டுல ஏதும் கஷ்டமா?” என்று துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் தலையணைக்கு இரண்டு ஒட்டச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்குப் போகிறதாம்!

சுமைதூக்கும் அண்ணன் எத்தனை பச்சைக் குழந்தையைத்தான் ஏந்துவார்? லேபிள் ஒட்டிய பெட்டியும் பந்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் நானும் அம்மாவும் பெரியப்பாவின் சக்கர நாற்காலிக்குப் புது பேட்டரி அனுப்பப் போனோம். பழையது உயிரை விட்டதிலிருந்து மனுஷன் பக்கத்து ஊரில் ஜன்னலே கதியென்று கிடந்தார்.

“சார், இது நிஜமாவே பேட்டரி,” என்றாள் அம்மா, பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டி.

மேலாளர் ஆடிப்போனார். “நிஜமான ஆபத்தா? அப்ப முதல்ல லேபிளைக் கிழிங்கம்மா! இல்லன்னா தலையணையோட கலந்துடும்.”

கிழித்தோம். வெறும் பெட்டியைக் கண்டதும் இதில் ஏதோ நிஜ ஆபத்து என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்தினார்.

பின்னால் சர்... சர்... என்று சத்தம். மொத்த வரிசையும் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பெட்டி பறந்தது.

அம்மா பாய்ந்து பிடித்தாள். “ஒருத்தரும் தொடக்கூடாது!” என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே புது அறிவிப்பு ஏறியது: ‘பாதுகாப்பை முன்னிட்டு, இனி ஒவ்வொரு பார்சலுடனும் ஒரு தாயார் இணைக்கப்பட வேண்டும்.’

வரிசையில் இருந்த அத்தனை பேரும் செல்போனை எடுத்தார்கள்.

“அம்மா, எங்க இருக்க? சாப்பிட்டது போதும், கிளம்பி வா. உன்னை ஒரு பெட்டியோட அனுப்பணும்!”