சபையே ஆமோதித்த முதல் வரி

கதையின் முதல் வரி வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்த வாசகரை, எந்த இடத்தில் வைத்துப் பிடிக்கிறது என்பதையும் எழுதுபவர் யோசிக்க வேண்டும். இதைத்தான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்திருந்த நேரம். குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஜெபினை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மறுவாரம் நிச்சயதார்த்தம். அதற்குள், மருமகள்களின் துயரத்தை நாட்டுக்கு உணர்த்தும் நாவலொன்றைத் தொடங்கிவிடத் தீர்மானித்தேன். (நாடும் ஆவலாகக் காத்திருந்தது.) பதினெட்டு முறை திருத்தி ஒரு வரி எழுதினேன். அது சமுதாயத்தில் ஏற்படுத்தக்கூடிய விளைவுகளை மூன்று நாள் சிந்தித்தேன். பிறகு தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று எழுதிய விண்ணப்பச் சீட்டும் அங்கேதான் இருந்தது. ஞாயிறன்று கோயில் வாசலிலிருந்த ஜெப விண்ணப்பப் பெட்டியில் எதைப் போட்டேன் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சபைச் செயலர் சீட்டுகளை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கமில்லாதவர். ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, நாங்கள் ஒரே குரலில் பதில் சொல்வோம். முழங்கால் வலிக்கு ஒன்று. மகனின் வளைகுடா விசாவுக்கு ஒன்று. மூன்றாவதையும் அதே ராகத்தில் வாசித்தார்:

“மாமியாருக்கு மீன்கறியில் விஷம் வைப்பதென்று நான் முடிவெடுத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு.”

“ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்,” என்றது சபை. மாமியார்கள் உட்பட.

அதன்பிறகுதான் காதில் விழுந்தது உறைத்தது. மாமியார்கள் ஒவ்வொருவராகத் திரும்பித் தத்தம் மருமகள்களைப் பார்த்தார்கள். என் ஒருத்தியின் கல்யாணத்தைக் காப்பாற்ற, இத்தனை பேரைச் சந்தேகத்தில் விடுவது அறமாகாது. (அன்று மதியம் வீணாகப்போகும் மீனையும் நினைத்தேன்.) எழுந்து நின்றேன்.

“அது... நான் எழுதுன கதை. முதல் வரி மட்டும்தான்.”

முன்வரிசையிலிருந்த ஜெபினின் அம்மா மெதுவாகத் திரும்பினார்.

“ஏட்டி, இஞ்ச பாரு.”

கல்யாணம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பொறவு என்னட்டி ஆச்சு? கெழவி செத்தாளா?”

“தெரியாது மாமி. இன்னும் எழுதல்ல.”

“அப்போ மனுசர எதுக்குட்டி பாதியில விட்ட?”

கல்யாணம் நடந்தது. இன்றும் நான் கிழங்கும் மீன்கறியும் வைத்தால் மாமி தட்டைத் தொடமாட்டார்.

“ரெண்டாவது வரி எழுதிட்டியா மக்கா?” என்று கேட்பார்.

இல்லை என்று நான் சொன்ன பிறகே கை வைப்பார்.