முந்நூறு மீட்டருக்கு முன்னால் போர்த்திய பொன்னாடை

சேவூர்,
தை 12, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் சுப்பராயலு அவர்களுக்கு, தம்பி மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் ஸ்வர்ணலதாவும் இரண்டு தறிகளும் நலம். என் கால்கள் இரண்டும் நலமில்லை. சேத்துப்பட்டில் தாங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்று மைக்கில் தங்கள் குரலைக் கேட்ட யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் என்றால் தாங்கள்தான் பேசுவீர்கள்.

நாற்பத்தொன்பது வயதில் இந்த டிரையத்லான் போட்டிக்கு ஏன் பெயர் கொடுத்தாய் என்று ஊரே என்னைக் கேட்டது. ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி ஈரத்துணியோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கினால் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால் முடித்தவர் பட்டியலில் பெயர் வரும், ஒரு நிமிடம் தாண்டினாலும் வராது. அந்தப் பட்டியலில் என் பெயர் வரவேண்டும் என்பதற்காகத்தான் போனேன். அதற்குக் காரணம் தாங்கள். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றது உண்மை. டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் போகாததும் உண்மை. மாடிப்படி கட்டிவிட்டு மாடி கட்டாததும், இருபது வருடத்துக்கு முன்னால் முந்தானை நெய்யாமல் தறியிலேயே விட்ட கல்யாணப் புடவையைத் தாங்கள் ராப்பகலாக உட்கார்ந்து நெய்து முடித்துக் கொடுத்ததும் உண்மைதான். அதற்காக "நம்ப மாணிக்கம் எதையும் முடிக்கமாட்டான்" என்று ஒவ்வொரு பந்தியிலும் பாயசத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமா? என் மாமியார் வீட்டுப் பந்தியில்கூடச் சொன்னீர்கள். அன்று பாயசம் எனக்கு இறங்கவில்லை.

ஆகவே ஒரு வருடம் பயிற்சி எடுத்தேன். நேற்று காலை ஆறு மணிக்கு ஏரியில் இறங்கினேன். கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு இருபது கை போட்டதும் சுவர் எங்கே என்று தேடும் புத்தி போகாது. சுவரைத் தேடித் தேடியே கரை சேர்ந்தேன். கடைசிக்கு முந்திய ஆளாக வந்தேன், கடைசி ஆளைப் படகில் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த ஒல்லிச் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து கண்ணமங்கலம் ரோட்டில் போய்வந்து போய்வந்து, உட்காரும் இடம் என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோனது. கண்ணமங்கலத்தில் பஞ்சர். நானே டியூப் மாற்ற வேண்டும், அடுத்தவர் கை வைக்கக் கூடாது என்பது விதி. கை வைக்காமல் வாயை மட்டும் வைத்து டீக்கடைக்காரர்கள் பத்துப் பேர் உதவி செய்தார்கள். அதில் ஒரு பெரியவர், பஸ்ஸில் போனால் உட்கார்ந்தே போகலாமே என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். தங்கள் மகன் ஹேமநாத் கொடுத்த வாட்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், பிறகு ஓடினேன். வாந்தி எடுத்தேன், ஓடினேன். சேவூர் ரோட்டில் கடைசித் திருப்பம் தெரிந்தபோது வாட்ச் எட்டு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம் காட்டியது. இன்னும் முந்நூறு மீட்டர். கையில் எட்டு நிமிடம். தவழ்ந்து போனாலும் முடித்திருப்பேன் அண்ணா.

அங்கே, திருப்பத்துக்கு இந்தப் பக்கம், நடு ரோட்டில், மைக் செட்டோடு தாங்கள். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அண்ணி. பின்னால் சொந்தக்காரர்கள் இருபது பேர். அண்ணி சுற்றும் ஆரத்தியை ஒதுக்கிவிட்டு ஓடினால் அடுத்த பத்து வருடம் இந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் என்னால்தான் வந்தது என்பார்கள். நின்றேன். ஆரத்தி முடிந்தது. ஓடலாம் என்று காலைத் தூக்கினால் பொன்னாடை விழுந்தது. பொன்னாடை போர்த்தியவர் பேசி முடிக்கும்வரை போர்த்தப்பட்டவன் நகரக் கூடாது என்பது நம் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். தாங்கள் கொள்ளுத்தாத்தா ஆரணிக்கு வந்த கதையில் ஆரம்பித்தீர்கள். அவர் ஊர் வந்து சேருவதற்குள் என் எட்டு நிமிடம் போய்விட்டது. அண்ணி எடுத்த வீடியோவைப் பார்த்தேன், பேச்சு பதினொரு நிமிடம். நான் நடுவில் காலை எடுத்தபோது தாங்கள் தோளைப் பிடித்து அழுத்தியதும் அதில் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிவுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியிருந்தால் மைக் வேலை செய்யாதா?

பேச்சு முடிந்து நான் நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, காற்றடித்து நிறுத்தியிருந்த வளைவு தரையில் சுருண்டு கிடந்தது. ஒருத்தர் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் பொறுக்காத ஜனங்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முடித்திருப்பேன், வாழ்க்கையில் ஒன்றையாவது முடித்திருப்பேன், அதைக் கூடப்பிறந்தவரே கெடுத்தார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. பொன்னாடையைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். வருகிற பங்குனியில் ஹேமநாத் கல்யாணத்துக்கு ஸ்வர்ணலதா வருவாள். நான் வரமாட்டேன். என் வீட்டு விசேஷம் எதிலும் தங்களுக்கு இனி மைக் கிடையாது.

அண்ணிக்கு என் நமஸ்காரம், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தாங்கள் நீண்ட ஆயுளோடும், கொஞ்சம் தொண்டைக்கட்டோடும் இருக்க அம்மனை வேண்டும்,

தம்பி,
மாணிக்கவேல்

பி.கு.: செவ்வாய்க்கிழமை. நேற்று குடியரசு தினம், தபால் ஆபீஸ் லீவு, அதனால் கடிதம் போகவில்லை. இன்று காலை ஸ்வர்ணலதா அந்த வாட்ச்சை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் கடைசியில் அதை நிறுத்தியபோது மொத்தம் எட்டு மணி நேரம் இருபத்தாறு நிமிடம் என்று இருக்கிறது. அப்படியானால் தாங்கள் பேசிய பதினொரு நிமிடம் எங்கே போனது என்று கேட்டாள். ஹேமநாத்துக்குப் போன் போட்டோம். ஆள் நின்றால் வாட்ச்சும் தானாக நின்றுவிடும் சித்தப்பா என்கிறான். கண்ணமங்கலத்தில் டியூப் மாற்ற நான் நின்றது இருபத்தாறு நிமிடம் என்று அதிலேயே தனியாகப் பதிவாகியிருக்கிறது. தங்களைப் பார்த்தபோதே எனக்கு நேரம் முடிந்து பதினெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது.

நான் விட்டுவிட்டு வந்த பையைக் கொடுக்க, முடிவுக்கோட்டில் நேரம் குறித்த அமலா டீச்சர் மத்தியானம் வந்தார். இரண்டரை மணிவரை தாங்கள் அண்ணியோடும் மைக்கோடும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றீர்களாம். நேரம் முடிந்துவிட்டது, வளைவை இறக்கப்போகிறோம் என்று அவர் சொன்னதும், மைக் செட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு திருப்பத்துக்கு இந்தப் பக்கம் வந்தீர்களாம்.

"அவன் வந்துகினு இருக்கான்மா. இதப் பாத்தா உடைஞ்சிடுவான். நான் அந்தாண்ட நிறுத்தி முடிச்சி வச்சிடுறேன். திட்டுனா என்னத் திட்டட்டும்" என்றீர்களாம்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை. தாங்கள் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன திட்டு அது, தங்களிடமே வந்து சேரட்டும். பொன்னாடை வராது. அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அந்தப் புடவையின் முந்தானையை முடித்துக் கொடுத்தீர்கள், நேற்று முன்தினம் இதையும் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணா. பங்குனியில் வருகிறேன். பாயசத்துக்கு முன்னால் தாங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.